ஒரு வரி மேலே

"ஒங்க ரிசல்ட் வந்துருச்சு ஆன்ட்டி. சளியில ஒண்ணும் இல்ல, கிளியர்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

அல்போன்சம்மாள் கையிலிருந்த சின்ன டப்பாவை உயர்த்திக் காட்டினார். "பேரு மட்டுந்தாம்மா பதிஞ்சிருக்கேன். நான் இன்னும் குடுக்கவே இல்லயே."

சிராங்கூன் ரோட்டிலிருந்த அந்தத் தனியார் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அது 1985. கவுண்டரில் ஒரு திரை, உள்ளே மைக்ராஸ்கோப் மேசைக்கு அருகே இன்னொரு திரை. கவுண்டரில் பெயர்களைப் பதிவார்கள், உள்ளே முடிவுகளைப் பதிவார்கள். கொடுக்காத சளிக்கு முடிவு வந்த செய்தி மேனேஜர் சுப்பிரமணியத்தை எட்டியதும், அவர் அந்தப் புரோகிராமை எழுதிய ரூபிக்கு போன் செய்தார்.

ரூபி ஷென்டன் வேயிலிருந்த தன் ஆபீசிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். யாரோ தவறான பெயருக்கு நேராகத் தட்டியிருப்பார்கள் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே முடிவுகளைப் பதிவது சாயிரா பானு என்ற டெக்னீஷியன். ரூபி அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பேரப் பாத்துத்தான் அடிக்கிறேன்" என்றாள் சாயிரா. "நீ குடுத்த பட்டியல்ல பேரு இருக்கு, அதுக்கு நேரா அடிச்சிட்டு என்டர் தட்டுறேன். ஆனா சில நாள் கடைசி ஆளோட ரிசல்ட் மட்டும் காணாம போயிடும். திரும்ப அடிப்பேன். கம்ப்யூட்டர்னா அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்லா."

"சில நாளுன்னா?"

"காலையில. கவுண்டர்ல கூட்டமா இருக்கிறப்ப."

ரூபி திரையிலிருந்த பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசையில் வருமாறு அவள்தான் எழுதியிருந்தாள். சாயிரா என்டரைத் தட்டியதும் புரோகிராம் அந்தப் பட்டியலைத் திரும்பவும் எடுக்கும். முதல் வரி முடிவை முதல் பெயருக்கும், இரண்டாவது வரி முடிவை இரண்டாவது பெயருக்கும் போடும். இடையில் கவுண்டரில் ஒரு புதுப் பெயர் நுழைந்திருந்தால்?

அவள் எழுந்து போய்க் கவுண்டர் பெண்ணின் காதில் ஒரு பொய்ப் பெயரைச் சொல்லிப் பதியச் சொன்னாள். A-வில் தொடங்கும் பெயர். திரும்பி வந்து, ஏற்கெனவே திரையிலிருந்த பட்டியலில் எல்லாருக்கும் வெவ்வேறு முடிவாக அடிக்கச் சொன்னாள். சாயிரா என்டரைத் தட்டினாள். திரை ஒருமுறை இமைத்தது. இல்லாத அந்த ஆளுக்கு முதல் ஆளின் முடிவு. முதல் ஆளுக்கு இரண்டாமவரின் முடிவு. எல்லாமே ஒரு வரி மேலே ஏறியிருந்தன. கடைசிப் பெயருக்கு நேரே வெற்றிடம்.

பெரும்பாலானவர்களுக்கு 'ஒன்றுமில்லை' என்றே முடிவு வரும். அது பக்கத்து ஆளுக்குப் போனாலும் யார் கண்ணிலும் படாது. அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

சுப்பிரமணியம் வந்து கேட்டார். "எவ்ளோ சீக்கிரம் சரி பண்ணலாம்?"

"புரோகிராம சரி பண்ணிடலாம் சார். முதல்ல இந்தத் திரைய நிறுத்துங்க. இதுவரைக்கும் நாம சொன்ன ரிசல்ட்டுல எது யாருதுன்னு கம்ப்யூட்டருக்கே தெரியாது. எழுதினது நான்தான், டாக்டருங்ககிட்ட நானே சொல்றேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டருங்ககிட்ட நான் பேசறேன். கூடத்து பேரு என் பொறுப்பு. ஆனா எதை வச்சுப் பேசறது?"

"ஸ்லைடு இருக்கு சார்" என்றாள் சாயிரா. சளி தடவிய கண்ணாடித் துண்டுகளை அவள் எறியவில்லை. ஒவ்வொன்றிலும் எண் கீறி மரப்பெட்டிகளில் அடுக்கியிருந்தாள். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து பார்த்த அத்தனையையும் மறுபடி பார்க்க வேண்டும்.

சாயிராவும் இன்னொரு டெக்னீஷியனும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்கள். ரூபி எண்ணைச் சொல்ல, அவர்கள் கண்டதைச் சொன்னார்கள். முடிவுகள் இடம் மாறித்தான் இருந்தன. ஆனாலும் ஒன்றுமில்லாதவருக்கு ஒன்றுமில்லை என்றே போயிருந்தது. ஒவ்வொன்று சரியாக வரும்போதும் ரூபி மூச்சு விட்டாள். மறுநாள் மதியத்துக்கு மேல் சாயிராவின் கை நின்றது.

"ரூபி, இங்க வந்து பாரு."

நீல நிறத்துக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள். காசநோய்க் கிருமி.

"இது சேதுபதின்னு ஒருத்தர். கம்ப்யூட்டர்ல இவருக்கு ஒண்ணுமில்லன்னு இருக்கு. இவருக்கு முந்தின பேரு முகைதீன். அவருக்குக் காசநோய்னு சொல்லியிருக்கோம். அவரு ஸ்லைடு சுத்தமா இருக்கு. மூணு தடவ பாத்துட்டேன்."

சுப்பிரமணியம் இரண்டு டாக்டர்களுக்கும் அப்போதே போன் செய்தார். அரைகுறையாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "வா, நேர்ல போவோம்" என்று ரூபியைக் கூப்பிட்டார்.

முகைதீனுக்கு டன்லப் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை. கடையில் அவர் மனைவி ஆமினா பீவி மட்டும் இருந்தார். பரிசோதனைக் கூடத்திலிருந்து வருகிறோம் என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. மேலே கூட்டிப்போனார். ஜன்னலோரக் கட்டிலில் முகைதீன் தனியாக உட்கார்ந்திருந்தார். தட்டு தனி, தம்ளர் தனி. யாரும் பக்கத்தில் வரக் கூடாதென்று அவரே கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டிருந்தார்.

"அங்கேயே நில்லுங்க" என்றார்.

"ஒங்களுக்குக் காசநோய் இல்லங்க" என்றார் சுப்பிரமணியம். "தப்பு எங்களோடது. வேற ஒருத்தரோட ரிசல்ட் ஒங்க பேருல ஏறிடுச்சு. ஒங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டோம். மாத்திரைய நிறுத்திட்டு நாளைக்கு வரச் சொன்னாரு. ஒங்களுக்கு இருக்கிறது சாதாரண இருமல்தானாம்."

ஆமினா பீவி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எங்க பொண்ணு நஃபீசா நிக்காஹுக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டாரும்மா" என்றார் ரூபியிடம். "அவ அழுதுகிட்டே இருக்கா. வாப்பா இல்லாம வேணாம், தேதிய மாத்துங்கன்னு."

"புரோகிராம் எழுதினது நான்தாங்க" என்றாள் ரூபி.

முகைதீன் எழுந்தார். நாற்காலியை ஓரமாக நகர்த்தினார். "அப்ப யாருக்கு இருக்கு?" என்று கேட்டார்.

"பேரச் சொல்லக் கூடாதுங்க."

"பேரு வேணாம். அவருக்குத் தெரியுமா?"

"இப்ப அங்கதான் போறோம்."

"அப்ப இங்க ஏன் நிக்கிறீங்க? என்கிட்ட திட்டு வாங்கறதுக்கு நாளைக்கு வந்தா போதும். போங்க."

படியிறங்கும்போது மேலே ஆமினா பீவி மகளைக் கூப்பிடும் குரல் கேட்டது. அதற்குப் பின்னால் ஒருவர் இருமுவதும், இருமலுக்கு நடுவே சிரிப்பதும்.

சேதுபதி தோ பாயோவில் குடியிருந்தார், லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கதவைத் திறந்தபோது தோளில் கைக்குழந்தை இருந்தது. விஷயத்தைக் கேட்டவர் முதலில் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க, ஆனா நாளுக்கு நாள் எளைச்சுகிட்டே போனேன். மனசுலதான் கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். "இது குணமாகும்தானே?"

"மாத்திரைய விடாம சாப்பிட்டா குணமாகும். சீக்கிரமே கண்டுபிடிச்சாச்சுன்னு டாக்டர் சொன்னாரு" என்றார் சுப்பிரமணியம்.

"கொழந்தைக்கு?"

"நாளைக்கே பாத்துடலாம். செலவு எங்களோடது."

சேதுபதி கோபப்பட்டிருந்தால் ரூபிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த வாரம் முழுவதும் ரூபி பரிசோதனைக் கூடத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினாள். இனி எந்த முடிவும் வரியைப் பார்த்துப் போகாது. ஒவ்வொரு பெயரும் அதன் சளி டப்பாவின் எண்ணோடு திரைக்கு வரும், முடிவும் அந்த எண்ணோடுதான் திரும்பிப் போகும். நடுவில் பட்டியல் மாறினால், 'பட்டியல் மாறியுள்ளது, மறுபடி பாருங்கள்' என்று திரை நின்றுகொள்ளும்.

கூட்டம் அதிகமாக இருந்த ஒரு திங்கட்கிழமைக் காலையில் சோதித்துப் பார்த்தார்கள். கவுண்டரில் பெயர் மேல் பெயராகப் பதிந்துகொண்டிருக்க, சாயிரா அடித்தாள், தட்டினாள். திரை நின்றது. மறுபடி பார்த்துத் தட்டினாள். ஒவ்வொரு ஸ்லைடையும் எடுத்துத் திரையோடு ஒப்பிட்டாள். கடைசிப் பெயர் வரைக்கும் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"சரியா இருக்கு" என்றாள். "இன்னொரு தடவ பாக்கட்டுமா?"

"பாரு."

பார்த்தாள். சரியாக இருந்தது.

அப்போது சுப்பிரமணியம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சேதுபதியின் டாக்டர் போன் செய்திருந்தாராம். குழந்தைக்கும் மனைவிக்கும் ஒன்றுமில்லை. சேதுபதிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் குறைந்திருக்கிறது.

ரூபி மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சாயிரா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் முதுகில் கை வைத்தாள்.

"காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல. வா, தேக்கா மார்க்கெட்டுல போயி ரெண்டு புரோட்டா சாப்பிட்டு வருவோம்."