உடுப்பு மாட்டும் பரீட்சை

உலகத்துக்கே உடுப்பு தைத்து அனுப்புகிற திருப்பூரில் பிறந்து வளர்ந்த வேல்விழி, உடுப்பு மாட்டத் தெரியவில்லை என்று இரண்டு தடவை தோற்றுப்போனாள். இதை வெளியில் சொல்ல முடியுமா? வீட்டில் மட்டும் சொன்னாள். அங்கேதான் தப்புச் செய்தாள். அவர்கள் குடியிருப்பது லைன் வீடு. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கஷாயம் வைப்பார்கள். இருட்டுவதற்குள் விஷயம் தெருமுனை டீக்கடையைத் தாண்டிப் போய்விட்டது.

நடந்தது இதுதான். கோயமுத்தூரில் பயோடெக் மூன்றாம் வருஷம் முடித்த வேல்விழிக்கு, கோடை விடுமுறையில் அவிநாசிக்கு வெளியே ஒரு புதுக் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருந்தது. கட்டடம் பழைய பனியன் கம்பெனியுடையது. உள்ளே மட்டும் ஆஸ்பத்திரியைவிடச் சுத்தம். ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவருடைய செல்களை எடுத்து, அவற்றின் மரபணுவைக் கொஞ்சம் மாற்றி, நோயைத் தேடி அடிக்கப் பழக்கி, பெருக்கி, அதே ஆளுக்குத் திருப்பி ஏற்றுவார்கள். ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு ஆகாது.

முதல் நாளே வேல்விழி ஒரு சந்தேகம் கேட்டாள். "எக்ஸ்ட்ரா எத்தனை பீஸ் போடுவீங்க மேடம்?"

கேட்டது அவள் குற்றமில்லை. ஆர்டருக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வெட்டிப் போடாமல் இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் துணியில் கத்தி வைப்பதில்லை. பழுதானால் மாற்ற வேண்டாமா? பயிற்சிக்குப் பொறுப்பான தேஜஸ்ரீ சிரிக்கவில்லை.

"எக்ஸ்ட்ராவெல்லாம் கெடையாதுங்க வேல்விழி. ஒரு ஆளு, ஒரு பை. அது கெட்டுப்போச்சுன்னா, இன்னொருக்கா செய்யற வரைக்கும் அந்த ஆளு தாங்கோணுமில்லீங்க."

அன்றைக்குப் பிடித்தது ஆசை. அந்தப் பை உருவாகிற அறைக்குள் ஒரு தடவையாவது நின்று பார்த்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் இன்டர்ன்களை உள்ளே விடுவார்கள். ஆனால் உடுப்பு மாட்டும் பரீட்சையில் தேற வேண்டும். மூன்றாவது தடவையும் தவறினால் வெளியே உட்கார்ந்து லேபிள் ஒட்டிவிட்டுச் சர்டிபிகேட்டோடு வீட்டுக்குப் போகலாம்.

பரீட்சை எளிமையானதுதான். தலைமூடி, முழு உடுப்பு, காலுறை, கண்ணாடி, இரண்டு அடுக்குக் கையுறை. உடுப்பின் வெளிப்பக்கத்தைத் தொடக் கூடாது. மாட்டிய பிறகு கையை நெஞ்சுக்கு நேரே கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. கடைசியில் விரல் நுனியை ஒரு தட்டில் அழுத்தி, அதில் கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கூட வந்த இன்டர்ன் நித்தீஷ் முதல் தடவையே பாஸ். அவன் அப்பாவுக்குப் பல்லடம் ரோட்டில் பெரிய கம்பெனி. பையன் இதுவரை ஒரு பீஸைத் தொட்டுப் பார்த்ததில்லை. அதனால் அவன் கைக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது.

வேல்விழியின் கை அப்படியா? அம்மா நதியா செக்கிங் செக்‌ஷனில் பிசிறு வெட்டுகிறவள். பள்ளிக்கூட லீவுகளில் வேல்விழியும் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்த பனியனில் தொங்குகிற நூலை வெட்டிப் பழகியவள். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர் சட்டையில் நூல் தொங்கினாலும் அவள் விரல் அதைப் பிடுங்கிவிடும். முதல் பரீட்சையில், எல்லாம் சரியாக மாட்டி முடித்துவிட்டு, எதிரே நின்ற தேஜஸ்ரீ போட்டிருந்த, பலமுறை துவைத்த பயிற்சி உடுப்பின் முழங்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

இரண்டாவது தடவை எப்படித் தோற்றாள் என்பதை, பனியன் கம்பெனியில் தைக்கிற அப்பா மாரிச்செல்வமே வெளியே கொண்டுவந்தார்.

"ஏட்டி, அந்த உடுப்பு எந்த ஊரு சரக்கு? தையலு எப்படி?"

"தையலத் திருப்பிப் பாக்கப் போயி வெளிப்பக்கத்தத் தொட்டுட்டேம்ப்பா. அதுலதான் ஃபெயிலானேன்."

நதியா விழுந்து விழுந்து சிரித்தாள். "பச்சப்புள்ளயில இருந்து நாந்தான ஒனக்குச் சட்ட மாட்டிவிட்டேன். என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா?" வீட்டுக்காரம்மா செல்லாத்தாள் வாசலில் நின்று விசாரித்தாள். "ஏங் கண்ணு, மருந்து செய்யப் போறேன்னு சொன்னே. இன்னும் துணியே மாத்தி முடிக்கலியா?"

வேல்விழி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் நதியாவுக்குச் சிரிப்பு நின்றது. பிள்ளை உண்மையிலேயே கலங்கிப்போயிருக்கிறாள்.

மறுநாள் மாரிச்செல்வம் தன் கம்பெனியிலிருந்து, கொரோனா காலத்தில் ஊரே பனியனை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பாதுகாப்பு உடுப்பு தைத்தபோது மிஞ்சிய ஒரு முழு உடுப்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். நதியா பிசிறு வெட்டாத டீ-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். நாலு பக்கமும் நூல் தொங்கியது.

"மாட்டிட்டு எம் முன்னால நில்லு. கைய எடுத்த, அகப்பயாலயே போடுவேன்."

வேல்விழி மாட்டிக்கொண்டு நின்றாள். நதியா தோசை சுட்டாள், தண்ணீர் பிடித்தாள், போனில் அக்காவோடு சண்டை போட்டாள். நூல்கள் ஆடிக்கொண்டே இருந்தன. வேல்விழி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தாங்க முடியாமல் எழுந்து வந்து நூலைப் பிடுங்கியவர் மாரிச்செல்வம்தான்.

"ஒங்களுக்கா பரீட்ச? போய் ஒக்காருங்க," என்றாள் நதியா.

மூன்றாவது பரீட்சையன்று தேஜஸ்ரீயின் தோளில் ஒரு வெள்ளை நூல் சுருண்டு கிடந்தது. வேல்விழி பார்த்தாள். மூக்கும் அரித்தது. கை நெஞ்சை விட்டு நகரவில்லை. தட்டிலும் எதுவும் முளைக்கவில்லை. முடிவைச் சொன்ன அன்று தேஜஸ்ரீ சாதாரணமாகச் சொன்னாள். "அந்த நூலு நானே ஒட்டிக்கிட்டு வந்ததுங்க. மொதப் பரீட்சையில நீட்டிக்கிட்டிருந்த நூல நித்தீஷ் பாக்கவே இல்ல. நீங்க இதப் பாத்துட்டும் நின்னீங்க."

கடைசி வாரம் வேல்விழி உள்ளே போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை நுழைத்து ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் ஒவ்வொன்றையும் சரிபார்த்துச் சொல்ல, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னப் பை மெல்ல நிறைந்தது. யாருடையது என்று தெரியாது. பெயருக்குப் பதில் ஒரு எண். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ ஒருவர் படுத்திருக்கிறார் என்று நினைத்ததும் வேல்விழி கோத்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அப்போது வெளி மேசையிலிருந்து ஒரு குழாய் மூடி உருண்டு, அவள் காலடியில் விழுந்தது. கீழே விழுந்ததைக் குனிந்து எடு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். முதுகு தானாகவே வளையப் பார்த்தது. அவள் வளையவில்லை. வேலை செய்தவர் கீழே பார்க்கக்கூட இல்லை. புது மூடியைப் பிரித்து எடுத்துக்கொண்டார். பை மூடப்பட்டது.

வீட்டுக்கு வந்தபோது லைனில் பாதிப் பேர் வாசலில் இருந்தார்கள்.

"இன்னைக்கு எத்தன பீஸ்?" என்றாள் நதியா.

"ஒண்ணும்மா."

"அதுல நீ என்ன செஞ்ச?"

"நின்னேன்."

"பெறகு?"

"அவ்வளவுதாம்மா. கையக் கோத்துக்கிட்டு நின்னேன். கீழ விழுந்ததக்கூட எடுக்கல."

செல்லாத்தாள் வாயில் கை வைத்தாள். மாரிச்செல்வம் நதியாவைப் பார்த்தார், அவள் இதற்கு என்ன கேலி செய்யப் போகிறாளோ என்று. நதியாவுக்குக் கேலி வரவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் கை ஒரு ஷிப்டிலும் சும்மா இருந்ததில்லை.

"எங்கம்மா களையெடுக்கப் போன காட்டுல நிமுந்து நின்னா காட்டுக்காரவுக வைவாவ," என்றாள். "நான் நின்னா சூப்பர்வைசர் வைவாரு. நம்ம வீட்டுல, சும்மா நின்னதுக்கு நல்ல பேரு வாங்குன மொத ஆளு நீதாண்டி."

சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் நிக்கணுமா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப இப்பம் ஒக்காரு. சோறு போடுதேன்."