தூக்கிய கை

பத்து வருடமாக முடி வெட்டிச் சம்பாதிக்கிறவள் நான். கத்திரியின் ஒரு வளையத்தில் கட்டைவிரல், இன்னொன்றில் மோதிர விரல், அதுதான் எங்கள் பிடி. இரண்டு மாதமாக அந்த மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துக் கிடக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு ஓய்வு முடிந்து பார்லருக்குத் திரும்பிய முதல் நாளே கத்திரி நழுவி வாடிக்கையாளர் மடியில் விழுந்தது. கைக்கு என்ன, எப்போது சரியாகும் என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வா, இல்லாவிட்டால் திங்கட்கிழமை உன் நாற்காலியில் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார் முதலாளியம்மா.

பிறவியிலேயே என் நெஞ்சு நடுவில் குழிந்திருக்கும். பக்கவாட்டில் சின்னத் துளைகள் போட்டு, உள்ளே வளைந்த கம்பியை வைத்து அதை நிமிர்த்தினார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாடிப்படியைப் பேசிக்கொண்டே ஏறுகிறேன். ஆனால் மயக்கம் தெளிந்ததிலிருந்து வலது கை சொன்னபடி கேட்கவில்லை. நெஞ்சைச் சரிசெய்யப் போய்க் கையைக் கோட்டைவிட்டால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

டாக்டர் அறைக்குள் நுழையும்முன், வாயைத் திறக்கமாட்டேன் என்று கூட வந்த அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். டாக்டர் ஃபைலைப் புரட்டினார். கம்பி இருப்பது நெஞ்சில், கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் மனப்பதற்றம் என்றார். போன முறையே அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தார். சத்தியமாவது ஒன்றாவது!

ஆபரேஷனின்போது என் கை எங்கே இருந்தது என்று கேட்டேன். பக்கவாட்டில் வேலை செய்ய வேண்டுமே, தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தோம் என்றார். எவ்வளவு நேரம்? மூன்று மணி நேரம். அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

"டாக்டர், அதே மாதிரி உங்க கையைத் தூக்குங்க. நான் சொல்றவரைக்கும் இறக்காதீங்க."

சிரித்துக்கொண்டே தூக்கினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி என் தொழிலைச் சொன்னேன். நாள் முழுக்கக் கையைத் தூக்கி நிற்கிற பிழைப்பு. ஒரு தலை முடிவதற்குள் நாலு தடவை இறக்கி உதறாவிட்டால் விரல் செத்துப்போகும். நாலாவது நிமிடத்தில் அவருடைய சிரிப்பு நின்றது. ஆறாவதில் கையை இறக்கி, தன்னையறியாமல் உதறினார்.

"நீங்க உதறிட்டீங்க. நான் மயக்கத்துல கிடந்தேன். என் கையை யாரு உதறிவிட்டா?"

அவர் பேனாவை எடுத்து 'பதற்றம்' என்ற சொல்லை அடித்தார். தூக்கி வைத்ததில் நரம்பு இழுபட்டிருக்கலாம் என்று எழுதி, நரம்புப் பரிசோதனைக்கும் கைப்பயிற்சிக்கும் சீட்டுக் கொடுத்தார். பலருக்கும் சில மாதங்களில் தேறிவிடும், உறுதி மட்டும் தரமுடியாதும்மா என்றார். அதையும் அப்படியே எழுதித் தரச் சொன்னேன். வெளியே வந்ததும் அக்கா திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் என் மரத்த விரல்களைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் பார்லருக்குப் போனேன். டாக்டர் எழுதித் தந்த கடிதத்தை என் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் நானே உட்கார்ந்துகொண்டேன். முதலாளியம்மா இரண்டு முறை படித்தார். தேறாமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"இடது கை இருக்குல்ல? சாயம் பூசறேன், தலை அலசறேன், வெட்டவும் பழகிக்கறேன். நாற்காலியை மட்டும் விடமாட்டேன்."

முதலாளியம்மா சாயக் கிண்ணத்தையும் தூரிகையையும் எடுத்துவந்து என் இடது கைப் பக்கம் வைத்தார்.