ஐந்துக்குப் பின் ஒரு புள்ளி

மேசையில் போட்டிக்கு வந்த ஆறு மருத்துவக் கருவிகள். கம்பெனி பெயர் இருந்த இடத்திலெல்லாம் கறுப்பு டேப். யார் செய்தது என்று தெரியாமல்தான் மதிப்பெண் போட வேண்டும். தெரிந்துவிட்டால் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். காலையில் நான்கு நடுவர்களும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

நான்காவது கருவியை ஆன் செய்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

மருந்து ஏற்றும் பம்ப். மணிக்கு எத்தனை மில்லி என்று திரையில் எண்கள். மெல்லிய, உருண்டையான எண்கள். எட்டு மாதத்துக்கு முன் என் மனைவியின் கட்டிலருகே இருந்ததும் இதே எண்கள்தான், பழைய மாடல். 5.0 ஓட வேண்டிய இடத்தில் 50 ஓடியது.

"என்ன அழகு பாருங்க," என்றார் நடுவர்களில் ஒருவரான டிசைனர். "புள்ளி கூட கண்ண உறுத்தல. தங்கம் இதுக்குத்தான்."

"கைக்கும் அடக்கமா இருக்கு," என்றார் தலைமை நர்ஸ். பாதுகாப்புக்குப் பத்தில் ஒன்பது எழுதினார்.

தலைவர் ஓய்வுபெற்ற சர்ஜன். அவரும் ஒன்பது. நான் சைபர் போட்டேன். பாதுகாப்பில் ஒரே ஒரு சைபர் விழுந்தாலும் கருவி போட்டியிலேயே இல்லை.

"தம்பி, பேனா மக்கர் பண்ணுதா?" என்றார் டிசைனர்.

"காரணம் சொல்லணும்," என்றார் தலைவர்.

உண்மையைச் சொன்னால் என் சைபர் செல்லாது. தங்கம் கிடைத்தால் அதைப் பார்த்தே ஆஸ்பத்திரிகள் வாங்கும். ராத்திரி வார்டு மாதிரி வெளிச்சம் குறைய ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். நர்ஸிடம் ஒரு தாளைக் கொடுத்தேன்: மணிக்கு 5.0 மில்லி.

"அக்கா, இது டாக்டர் எழுதினது. கதவுகிட்ட நின்னு பம்ப்ப பார்த்துச் சொல்லுங்க."

பம்பில் எண்ணைத் தட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"அஞ்சு. சரியாத்தான் ஓடுது."

"கிட்ட வாங்க."

வந்தார். குனிந்தார். 50.

"இது போங்காட்டம்," என்றார் டிசைனர். "தாள்ல அஞ்சுன்னு படிச்சுட்டு வந்தா அஞ்சுன்னுதான் தெரியும்."

"வார்டுல நாங்க பின்ன என்ன பஞ்சாங்கமா படிச்சுட்டு வர்றோம்?" என்றார் நர்ஸ். "புள்ளி எப்பவுமே மங்கலா இருக்கு. அதனால இல்லாதப்பவும் இருக்கிற மாதிரியே படுது."

தலைவர் என்னையே பார்த்தார். "நாங்க மூணு பேரும் பார்க்காதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

நான் கருவிகளைப் பழுது பார்க்கும் இன்ஜினியர். அனுபவம் என்று ஒரு வார்த்தை போதும். வாயில் வந்தும்விட்டது. ஆனால் பின்னால் தெரிய வந்தால் தீர்ப்பையே ரத்து செய்வார்கள், பம்ப் திரும்ப வரும்.

"இது யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும் சார். இதோட பழைய மாடல்லதான் என் மனைவி போயிட்டா."

தலைவர் என் தாளை எடுத்து, குறுக்கே கோடு போட்டார்.

"வெளிய இருங்க," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளே டிசைனரின் குரல் ஏறியது: "ஒரு புள்ளிக்காக செஞ்சவங்க உழைப்பெல்லாம் வீணா?" நர்ஸின் குரல் கேட்கவே இல்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக அவை வேறு யாருடையவையோ போலத்தான் இருக்கின்றன. இப்போது வியர்த்திருந்தன.

இருபது நிமிடம். கதவு திறந்தது. நர்ஸ் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒன்பத அடிச்சுட்டு சைபர் போட்டேன். தலைவரும் கையெழுத்துப் போட்டுட்டார்."

தலையசைத்தேன்.

"அன்னைக்கு டூட்டியில இருந்த பொண்ணு என்ன ஆனா?"

"வேலைய விட்டு எடுத்துட்டாங்க. கவனக்குறைவுன்னு."

"யார் புகார் குடுத்தது?"

"நான்தான்க்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நானும் இப்ப அஞ்சுன்னுதான் சொன்னேன், தம்பி," என்றார்.

ஆஸ்பத்திரி நடத்திய விசாரணைத் தாளின் நகல் என் ஃபோனில் இருந்தது. அந்தப் பெண்ணின் நம்பர் மூன்றாவது பக்கத்தில். அடித்தேன். எடுக்கவில்லை. நர்ஸ் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். மறுபடி அடித்தேன்.