கடற்கரை வீதியின் கோடு

கல்முனையில் இருந்த அந்தத் தொண்டு நிறுவனத்தில் கணினி நிரல் எழுதத் தெரிந்தவள் ஆதிலா ஒருத்திதான். டெங்கு வேலைக்கு அவளைப் போட்டதே அதற்காகத்தான். பாண்டிருப்பிலிருந்து வரும் வெளிக்கள உத்தியோகத்தர் செல்லத்தம்பியோடு எட்டுக் கிழமை நான்கு வட்டாரங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கூரைப் பீலி, பழைய டயர், தண்ணீர்த் தொட்டி என்று டோர்ச் அடித்துப் பார்த்து, நுளம்புக் குடம்பி நெளிந்த இடங்களை எழுதினார்கள். எழுதியதையெல்லாம் பைதன் நிரலில் போட்டு, வரைபு கீறித் தரும் அதன் நூலகத்தால், கிழமைக்குக் கிழமை குடம்பி கூடிக் குறைவதைக் காட்ட வட்டாரத்துக்கு ஒரு கோடு கீறினாள்.

நிறத்தைச் சொல்லாவிட்டால் நூலகம் தன்பாட்டில் வரிசையாகக் கொடுக்கும். நீலம், செம்மஞ்சள், பச்சை, சிவப்பு. பட்டியலில் நான்காவதாக இருந்த பாவத்துக்கு, இறங்கிக்கொண்டே வந்த, செல்லத்தம்பியின் பக்கமான கோயிலடிக் கோட்டுக்குச் சிவப்பு விழுந்தது. நெட்டுக்கு ஏறிய கடற்கரை வீதிக்குச் செம்மஞ்சள்.

"இதப் பாத்தா எங்கட பக்கந்தான் டெங்கு எண்டு நினைப்பாங்க, தங்கச்சி," என்றார் செல்லத்தம்பி.

அவர் சொன்னது சரி. ஆதிலா ஒவ்வொரு கோட்டுக்கும் நிறத்தைத் தானே எழுதினாள். மூன்றுக்கு மெல்லிய சாம்பல். கடற்கரை வீதிக்கு மட்டும் தடித்த சிவப்பு. இனிச் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

புகை எங்கே அடிப்பதென்று முடிவெடுக்கும் ஊர்க் கூட்டத்துக்கு முதல்நாள் பணிப்பாளர் மீராமுகைதீன் பார்த்தார்.

"சிவப்பு வேணாம் புள்ள. நாளைக்கு வாற பெரிய மனிசருல கனபேர் அந்த வீதி ஆக்கள். அவங்களக் குத்திக் காட்டுற மாதிரி இரிக்கி."

பச்சையாக்கினாள். "எலக்சன் வருது. பச்சை எண்டா ஒரு கட்சி." நீலமாக்கினாள். "அது மத்தக் கட்சி." மஞ்சளுக்கும் ஒரு கதை இருந்தது. கடைசியில் அவருக்கே அலுத்துப் போனது.

"எல்லாத்துக்கும் ஒரே சாம்பலப் போடுங்க. சண்டையே இல்ல."

"எது எந்த வட்டாரமெண்டு விளங்காதே, ஸேர்?"

"அத நான் வாயால சொல்லுவன்."

மாத முடிவில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க அவர் ஒப்பமிட வேண்டும். ஆதிலா நான்கு இடத்திலும் ஒரே சாம்பலை எழுதினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கூட்டத்தில் பழைய புரொஜெக்டர் அந்த வெளிறிய கோடுகளைச் சுவரிலேயே கரைத்துவிட்டது. மீராமுகைதீன் ஒத்துழைப்பைப் பற்றி நீளமாகப் பேசினார். வட்டாரம் ஒன்றின் பெயரும் அவர் வாயில் வரவில்லை. அந்த மாதம் இருந்தது ஒரேயொரு புகை அடிக்கும் இயந்திரம். சத்தம் போட்டுக் கேட்டவர் அதைத் தன் தெருவுக்கு எடுத்துக்கொண்டார். குடம்பி ஆகக் குறைவாகக் கிடந்த தெரு அது. பின்வரிசையில் இருந்த ஆதிலா எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழும்பவில்லை.

பத்தொன்பது நாள் கழித்துக் கடற்கரை வீதியில் ஹாஜறாவின் மகள் அப்னா டெங்கில் மௌத்தானாள். ஒன்பது வயது. ஹாஜறா தன் வளவைக் கண்ணாடி போல வைத்திருப்பவள். பக்கத்தில் பூட்டிக் கிடந்த கட்டிடத்தின் தொட்டியில்தான் குடம்பி நெளிந்தது. கணக்கெடுக்கப் போன கிழமைதோறும் அதை ஆதிலாவுக்கு மதிலால் காட்டி, "இதத் துறக்கச் சொல்லு மகள்," என்பாள். "அறிக்கையில சொல்லுறன் ராத்தா," என்று ஆதிலாவும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மையத்து வீட்டில் பாயில் இருந்த ஹாஜறா அவளைக் கண்டதும் கையைப் பிடித்தாள்.

"கூட்டத்துல சொன்னயா மகள்?"

சுற்றியிருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்திப் பார்த்தார்கள்.

"ஓம் ராத்தா. சொன்னன்."

"அப்ப அவங்கதான் கேக்கல்ல. நீ என்ன செய்வாய்?" என்று ஹாஜறா அவள் கையைத் தடவிக்கொடுத்தாள். ஏசியிருந்தால் ஆதிலா தாங்கியிருப்பாள்.

அடுத்த கிழமை மீராமுகைதீன் கூப்பிட்டார். வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பம் போகிறதாம்.

"கடற்கரை வீதிய இப்ப சிவப்பாக்குங்க. நல்லாத் தடிப்பாப் போடுங்க. பாக்கிறவனுக்கு நெஞ்சு பதறோணும்."

ஆதிலா அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் வெட்கம் மருந்துக்கும் இல்லை. தன் முகத்தில் மட்டும் இருந்து என்ன வந்தது? நிறத்தை மாற்றி அனுப்பினாள். நிதி கிடைத்தது. அவளுக்கும் ஒரு வருட ஒப்பந்தம் கிடைத்தது.

புதுக் கணக்கெடுப்புக்குக் கடற்கரை வீதியைத் தனக்குத் தர வேண்டாமென்று செல்லத்தம்பியிடம் கேட்டுக்கொண்டாள். அவர் அதைத் தன் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

ஆனாலும் ஒருநாள் கல்முனைச் சந்தையில் மீன் வாங்க நின்றபோது ஹாஜறா எதிரே வந்துவிட்டாள். கூட வந்த பெண்ணிடம் ஆதிலாவைக் காட்டி, "இந்தப் புள்ளதான் எங்கட வீதிக்காகக் கதைச்ச," என்றாள். அந்தப் பெண் மரியாதையோடு ஸலாம் சொன்னாள்.

ஆதிலா பதில் ஸலாம் சொல்லிவிட்டு, மீன் வாங்காமலே பஸ் ஏறினாள்.