நாலு கக்கூஸ் வீட்டின் வாடகை

1.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டால், "ஒரு தாதியின் துயரம் என்னை உறங்க விடவில்லை" என்று நான் பதில் சொல்லிவிடக்கூடும். அப்படி ஒன்றும் இல்லை. நன்றாகவே உறங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, கிளிநொச்சியில் கண்டி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் எங்கள் ஒழுங்கைக்கு, புத்தளத்திலிருந்து இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு இடமாற்றமான ஒரு நேர்ஸ் வந்தார். என் வளவின் முன்பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வாடகை கேட்டார். சொன்னேன்.

"கொஞ்சம் குறைக்க ஏலாதா சேர்?"

"வேற ஆக்களும் கேட்டிருக்கினம். வெள்ளிக்கிழமை சொல்லுறன்."

வேறு ஒருவரும் கேட்கவில்லை. ஏழு வருடமாக அந்த வீட்டில் வௌவால்கள்தான் குடியிருக்கின்றன. அவர் படலையைத் தாண்டிப் போனதும், அட, இதில் ஒரு கதை இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. உடனே உள்ளே வந்து பேனையை எடுத்தேன். வேறு மனிதர் என்றால் போனை எடுத்து அவரைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்.

2.

முதல் தொடக்கம்:

"புத்தளத்திலிருந்து வந்த பஸ் அவளைக் கிளிநொச்சியில் இறக்கிவிட்டபோது வானம் அழுதுகொண்டிருந்தது. அவளும் தன் —"

(வெட்டிவிட்டேன். அன்று மண்டையைப் பிளக்கிற வெயில். அவர் அழவும் இல்லை. வியர்த்துக்கொண்டிருந்தார்.)

இரண்டாவது தொடக்கம்:

"ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு இடமாற்றம் பெறும் தாதியரின் சம்பளத்துக்கும் அங்குள்ள வீட்டு வாடகைக்கும் இடையிலான பாரிய இடைவெளிக்கு முக்கிய காரணம், வீட்டு உரிமையாளர்களின் —"

(இந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது. மை முடியவில்லை. எழுதிக்கொண்டிருந்தவன் வீட்டு உரிமையாளன்.)

மூன்றாவது:

"ஒரு ஊரில் ஒரு வீடு இருந்தது. அதில் நாலு கக்கூஸ் இருந்தன."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

நாலு கக்கூஸ் ஏன் என்று கேட்பீர்கள். போர் முடிந்து சனம் திரும்பி வந்த காலத்தில் இங்கே கூரையோடு ஒரு கட்டடம் கிடைப்பது அருமை. வெள்ளை ஜீப்புகளில் என்.ஜி.ஓ. காரர் வந்து, கந்தோர் வைக்க இடம் தேடினார்கள். நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். வங்கியில் கடன் எடுத்து, அவர்கள் கேட்டபடி கட்டிக் கொடுத்தேன். வாசலில் வரவேற்பு மேசை. நடுவில் கூட்டம் நடத்தும் அறை, அதன் ஒரு சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. தேத்தண்ணி மட்டும் போடக்கூடிய ஒரு குசினி. பின்னால் வரிசையாக நாலு கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தகடு: ஆண்கள், பெண்கள், விருந்தினர், பணிப்பாளர்.

அவர்கள் தந்த வாடகையை இங்கே எழுத மாட்டேன். என் சம்பளத்தைவிட அதிகம் என்றால் போதும். வேலையை விட்டேன். "முழுநேர எழுத்தாளர்" என்று அட்டை அடித்தேன். அந்த வாடகையில் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு புத்தகம் எழுதினேன். இரண்டுமே வீடில்லாத மனிதர்களைப் பற்றியவை.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இரண்டாவது புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது. மேடையில் என்னை "வீடற்றவர்களின் குரல்" என்று அறிமுகப்படுத்தினார்கள். முன்வரிசையில் இருந்த என் மனைவி கமலாசனிக்கு அப்போது பார்த்து இருமல் வந்துவிட்டது.)

பிறகு அவர்களுடைய வேலை முடிந்தது. கணினிகளையும் கதிரைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பலகையைக் கழற்ற முடியவில்லை, விட்டுவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் இப்படி ஐந்து வீடு இருக்கிறது. ஐந்தும் பூட்டு. ஒவ்வொரு வருடமும் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கிறோம், வாடகையை மட்டும் ஒருவரும் இறக்குவதில்லை. அதன் காரணத்தை எதிர்வீட்டு வீரகத்தி அண்ணை எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார்.

"ஒருக்கா இறக்கினா இறக்கினதுதான் தம்பி. நாளைக்கு அவங்கள் வந்தா, முந்தி இவ்வளவுக்குத்தானே குடுத்தனீங்கள் எண்டு கேப்பாங்கள்."

அவங்கள் என்றால் யார் என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை. எங்கள் ஒழுங்கையில் நித்திரையில் கிடக்கும் மனிதனும் அந்த ஜீப்பின் சத்தத்தை அடையாளம் கண்டுகொள்வான்.

4.

இப்போது பாத்திரப் படைப்பு. இங்கேதான் கதை எனக்கு அடங்காமல் போனது.

அவர் பெயர் நஸீஹா. நான் காகிதத்தில் உண்டாக்கிய நஸீஹாவுக்கு மெலிந்த கைகள், குனிந்த தலை, அடிக்கடி பெருமூச்சு. புதன்கிழமை நேரில் திரும்ப வந்த நஸீஹாவின் கையில் அளக்கிற நாடா இருந்தது. குசினியில் காஸ் அடுப்பு வைக்க இடம் போதுமா என்று அளந்தார். பிறகு பின்பக்கம் போய் நாலு கதவையும் வாசித்தார்.

"இந்தப் பணிப்பாளர் கக்கூஸுக்கும் சேத்துத்தான் வாடகையா சேர்?"

"ஓம். முழு வீட்டுக்கும்தான்."

"நாங்க மூணு பேர்தான் சேர். நான், மகள், உம்மா. பணிப்பாளர் ஒருத்தரும் இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பால் என் கதையில் இரண்டு பக்கம் பழுதாகிப் போனது. துயரத்தில் இருக்கிற பெண் கக்கூஸ் கதவைப் பார்த்துச் சிரித்தால் நான் என்ன எழுதுவது?

ஆனால் சிரிப்பு முடிந்ததும் விஷயத்தைச் சொன்னார். மகள் றிஸ்மியாவுக்கு எட்டு வயது. புத்தளத்தில் நஸீஹாவின் தாயோடு இருக்கிறாள். கணவர் கத்தாரில்.

"நேர்ஸ் ஹொஸ்டல்ல பிள்ளய வெச்சிருக்க விடமாட்டாங்க. இங்க விலாசம் ஒண்டு இல்லாம ஸ்கூல்ல எடுக்கிறாங்க இல்ல. திங்கக்கிழம ஸ்கூல் தவண தொடங்குது. இத விட்டா இந்த வருஷமும் அவ அங்க, நான் இங்க. மூணு வருஷத்துக்கு இடமாத்தமும் கேக்க ஏலாது."

"சம்பளம் இருக்குதுதானே?" என்றேன். முழுநேர எழுத்தாளன் கேட்ட கேள்வி அது.

"நீங்க சொல்ற வாடகயக் குடுத்தா அடிப்படைச் சம்பளத்தில மிச்சம் பஸ்ஸுக்குத்தான் காணும். மேலதிக நேரம் ஓ.ரி. செஞ்சு சாப்பிடலாம். ஆனா ராவு பகலா ஓ.ரி. செய்யிறதெண்டா பிள்ளய ஏன் கூட்டிவாற?" நாடாவை இழுத்துப் பார்த்துக்கொண்டு, "பளைப் பக்கம் ஒரு வீடு பாதி வாடகைக்குத் தாறாங்க. அதயும் யோசிக்கிறன்" என்றார்.

அது பொய் என்று எனக்கு உடனே விளங்கியது. வெள்ளிக்கிழமை சொல்லுறன் என்று நான் சொன்னபோது என் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும். அந்தப் பொய்க்குப் பிறகுதான் எனக்கு அவரை உண்மையாகப் பிடித்தது. பிடித்துப் போனதால் ஒரு மடத்தனம் செய்தேன்.

"நான் உங்களை வைச்சு ஒரு கதை எழுதிறன்."

"என்னையா? எதுக்கு?"

"உங்கட கஷ்டத்தை நாலு பேர் அறியவேணும்."

அவர் நாடாவைச் சுருட்டிக் கைப்பையில் வைத்தார். "நாலு பேர் அறிஞ்சு என்ன செய்ய சேர்? வீடு உங்கடதானே. கதய நீங்க எப்பிடியும் முடிங்க. வீட்டுத் திறப்பத் தாறதா இல்லையா எண்டு மட்டும் வெள்ளிக்கிழமக்குள்ள சொல்லுங்க."

5.

வியாழக்கிழமை முடிவுகளை எழுதினேன்.

முடிவு அ: எழுத்தாளர் மனம் உருகித் திறப்பை நீட்டுகிறார். அந்தப் பெண் தழுதழுத்த குரலில், "நீங்கள் சாதாரண மனிதர் அல்ல, நீங்கள் ஒரு —"

(வெட்டினேன். அந்த வசனத்துக்கு என்ன முடிவு கொடுத்தாலும் கமலாசனி இருமுவாள்.)

முடிவு ஆ: வீடு கிடைக்காமல் அவர் வேலையை விட்டு வெளிநாடு போகிறார். விமான நிலையத்தில் சிறுமி கண்ணாடிக் கதவில் முகத்தைப் பதித்து —

(இது நன்றாக வந்தது. அதனால்தான் பயந்து வெட்டினேன். ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிட்டு, வசனம் நல்லாய் விழுந்திருக்கிறது என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.)

முடிவு இ: ஒன்றும் சொல்லாமல் விடுவது. இதை நவீன உத்தி என்பார்கள். பூட்டிய வீட்டின் திறப்பை வைத்திருப்பவனுக்கு மிகவும் வசதியான உத்தி.

கமலாசனி மூன்றையும் வாசித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"குடுக்கிறியள், பிறகு வெட்டுறியள். திறப்பெண்டா ஆணியிலதானே கிடக்குது."

"வீரகத்தி அண்ணை என்ன சொல்லுவார் எண்டு யோசிக்கிறன்."

"அந்தாள் தன்ர வீட்டைச் சொல்லட்டும். எங்கட முன்வீட்டுக் கூரை மரத்தில பாதியைக் கறையான் திண்டிட்டுது. கறையான் வாடகை தருதோ?"

இதற்கு நான் இலக்கியரீதியாகப் பதில் தேடினேன். நாளைக்குப் பாதி வாடகை சொல்வதென்று அன்று இரவே முடிவெடுத்தேன். முடிவெடுத்தது உண்மை, நீங்கள் நம்பவேண்டும். அடுத்த பகுதியை வாசித்தபிறகு நம்புவது கஷ்டம் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

6.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நஸீஹா வந்தார். பதிலுக்குக் காத்திராமல் மகளையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். புதுப் புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு றிஸ்மியா படலையடியில் நின்றாள். நான் விறாந்தையில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "நஸீஹா மிஸ், நான் யோசிச்சுப் பாத்தன் —" என்று தொடங்கினேன்.

அப்போது ஒழுங்கை முனையில் ஜீப்பின் சத்தம் கேட்டது.

(வாசகரே, இந்த ஜீப்பை நான் கொண்டுவரவில்லை. இன்னொருவர் கதையில் இந்த இடத்தில் ஜீப் வந்திருந்தால், மட்டமான உத்தி என்று நானே மதிப்புரை எழுதியிருப்பேன். அது தானாக வந்தது. வெள்ளை நிறம்.)

நான் ஓடினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தத் தாயையும் பிள்ளையையும் விலத்திக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு படலையடியில் கழன்றுவிட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து வீரகத்தி அண்ணையும் ஓடி வந்தார். எழுபத்திரண்டு வயது மனிதர் எனக்கு முன்னே ஜீப்பைப் பிடித்துவிட்டார். ஆளுக்கொரு பக்கக் கண்ணாடியில் குனிந்தோம்.

"வீடு பாக்கிறியளோ?" என்றார் அண்ணை, மூச்சு வாங்க.

"இல்லை ஐயா. தர்மபுரத்தில ஒரு கலியாண வீடு. இதால பாதை இருக்கோ?" என்றான் சாரதி. பின்னால் பட்டுச்சேலைகளும் ஒரு பலகாரத் தட்டும் தெரிந்தன.

பாதை இல்லை என்றோம். ஜீப் பின்னுக்கு எடுத்துத் திரும்பிப் போனது. வீரகத்தி அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் தன் கேற்றுக்குள் போனார். நான் ஒற்றைச் செருப்போடு திரும்பி நடந்தேன். நஸீஹா அதே இடத்தில் நின்றார். என் மற்றச் செருப்பை யாரோ எடுத்து நேராக வைத்திருந்தார்கள்.

"அவங்க வீட்ட எடுக்கலியா சேர்?"

"வழி கேட்டவை."

"ஓ."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சொல்லை வேறு எப்படி எழுதலாம் என்று யோசித்துப் பார்த்தேன், வெட்கம்தான்.

7.

றிஸ்மியா தாயின் கையை இழுத்துக் காதுக்குள் ஏதோ சொன்னாள். புத்தளத்திலிருந்து நீண்ட பஸ் பயணம். கமலாசனிக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய் ஆணியிலிருந்து திறப்பை எடுத்து வந்து முன்வீட்டைத் திறந்துவிட்டாள்.

"ஓடுங்கோ பிள்ளை, பின்பக்கம். நாலு இருக்குது, விரும்பினதுக்குப் போங்கோ."

அவள் ஒவ்வொரு தகட்டையும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பணிப்பாளர் கதவு கிரீச்சிட்டுச் சாத்துப்பட்டது. நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம்.

திரும்பி வந்தவள் நடு அறையில் நின்றுவிட்டாள். வரவேற்பு மேசையைப் பார்த்தாள். வெள்ளைப் பலகையைப் பார்த்தாள். அதில் யாரோ அழியாத மையில் எழுதிவிட்டுப் போன "நிலைத்து நிற்கும் தீர்வுகள்" இன்னும் மங்கலாக இருக்கிறது. முதுகுப் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"உம்மா, இதுதானா என்ட புது ஸ்கூல்?"

"ஸ்கூல் இல்ல மகள்," என்றார் நஸீஹா. "இது —"

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

இதுவரை இந்தக் கதையில் பாதியில் நின்ற வசனங்கள் எல்லாம் என்னுடையவை. இது ஒன்றுதான் அவருடையது. இதை முடிக்க அவருக்கு ஒரு தொகை வேண்டும், அதை நான் சொல்ல வேண்டும். நேற்று எடுத்த பாதி வாடகை முடிவு என்னிடம் இருக்கிறது. ஆனால் ஓ.ரி. செய்யாமல் அவர் பிள்ளையோடு இருக்கவேண்டுமென்றால் பாதியும் அதிகம் என்பது எனக்கு இப்போது தெரியும். அவருக்குத் தாங்கக்கூடிய தொகையைச் சொன்னால் எதிர்க் கேற்றுக்குப் பின்னால் காது கொடுத்து நிற்கும் வீரகத்தி அண்ணை இனி என்னோடு கதைக்க மாட்டார் என்பதும் தெரியும். இன்னொரு ஜீப் வரலாம் என்று என் காதும் வெட்கமில்லாமல் ஒழுங்கை முனையில்தான் கிடக்கிறது.

வாயைத் திறந்துவிட்டேன். இனி மூட முடியாது. அடுத்த வரியை என்னை நம்பி விடாதீர்கள், நான் வெட்டிவிடுவேன். பேனையை நீங்கள் பிடியுங்கள். உங்களுக்கும் ஒரு வீடோ, ஒரு அறையோ, அதற்கு மனதில் ஒரு விலையோ இருக்கும். அதை நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

"மாசம் ரூபா [                    ] தாங்கோ, மிஸ்."

கெதியாய் எழுதுங்கோ. ஏழு மணிக்கு அவருக்கு டியூட்டி. பிள்ளை இன்னும் பையைக் கழற்றாமல் நிற்கிறாள்.