பேசாமல் நின்றவர்

லியோட்டா என் கடைக்குள் வந்தபோது நாற்காலியில் ஒருவர் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்தார். சுவரோரம் நான்கு பேர் காத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடங்களாக முடி வெட்டுகிறேன். அன்றுவரை ஒரு பெண் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. 1924, மே மாதம். இந்தியானாவில் எங்கள் ஊர் என்றால் ஒரு கடைத்தெரு, மூன்று தேவாலயங்கள், ஒரு மாவு ஆலை, அவ்வளவுதான்.

மாவு ஆலை அவள் அப்பா கிளேட்டனுடையது. மனைவி இறந்த பிறகு அவரும் மகளும்தான் வீட்டில். லியோட்டா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். யார் யாரோடு பேச வேண்டுமானாலும் முதலில் அவளிடம்தான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

"முடி வெட்டணும், மிஸ்டர் நாஷ். காது வரைக்கும்."

காத்திருந்தவர்களில் இரும்புக்கடை வெண்டல் கிரீரும் இருந்தார். "வழி தப்பி வந்துட்டியாம்மா? துணிக்கடை அடுத்த கதவு," என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"அங்கயும் கத்தரி இருக்கு. ஆனா நேரா வெட்டத் தெரியாது. உங்க தலையைப் பாத்தா மிஸ்டர் நாஷுக்கும் தெரியுமான்னு சந்தேகமாத்தான் இருக்கு."

அதற்கும் சிரித்தார்கள், கிரீர் மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பு வரை தொங்கிய பின்னலை நான் வெட்டினேன். கண்ணாடியில் பின்கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "தலையே இல்லாத மாதிரி லேசா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மாதத்துக்குள் ஊரில் பாதி இளம்பெண்கள் என் கடைக்கு வந்துவிட்டார்கள். முழங்கால் தெரியும் பாவாடை, ஆற்றங்கரைக் கொட்டகையில் நடனம் என்று எல்லாம் சேர்ந்தே வந்தன. சனிக்கிழமைகளில் இந்தியானாபொலிஸிலிருந்து கறுப்பர்களின் இசைக்குழு ஒன்று வந்து ஜாஸ் வாசித்தது. என் மனைவி ஓப்பல் பாத்திரம் கழுவும்போதுகூட அந்தத் தாளத்தில் கால் தட்டுவாள்.

அதே கோடையில்தான் வெள்ளையர்களின் ரகசியச் சங்கமும் வளர்ந்தது. வெள்ளை அங்கி, கண்ணுக்கு மட்டும் துளையிட்ட முகமூடி. கிரீர்தான் எங்கள் ஊர்க் கிளைக்குத் தலைவர். "நீயும் வந்துடு, ஹோபர்ட்," என்றார் என்னிடம். "பொம்பளைங்களுக்கு நீ வெட்டுறதை நாங்க இன்னும் கண்டும் காணாமத்தான் இருக்கோம்." நான் சேர்ந்தேன். பயம் பாதி. மீதியைப் பொய் சொல்லி மறைக்க மாட்டேன்: வரிசையில் நாமும் ஒருவர் என்று நிற்பதில் ஒரு சுகம் இருந்தது.

ஜூலையில் ஒரு கூட்டத்தில் லியோட்டாவின் பெயர் வந்தது. நடனக் கொட்டகையின் படிக்கட்டில், இசைக்குழுவின் டிரம்பட் வாசிப்பவனோடு உட்கார்ந்து அவள் சிரித்துப் பேசியதை யாரோ பார்த்திருந்தார்கள். பேச்சு மட்டும்தான், வேறொன்றும் இல்லை. அந்த ஆள் மறுநாள் காலையிலேயே குழுவோடு ஊரைவிட்டுப் போய்விட்டான். இவள் இங்கேதான் இருந்தாள்.

கிளேட்டன் எழுந்தார். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே, "நான் சொல்லி அவ கேக்கல. நீங்க பாத்து ஏதாவது செய்யுங்க," என்றார்.

சனிக்கிழமை மாலை ஏழு மணி. நல்ல வெளிச்சம். வேலை முடிந்து நடந்து வந்தவளைக் காரில் ஏற்றிப் பழைய கல்குவாரிக்குக் கொண்டுபோனோம். நாங்கள் எட்டுப் பேர், முகமூடியோடு. ஆலை இயந்திரத்தில் ஓடித் தேய்ந்த தோல்வார் ஒன்று தயாராக இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு ஓர் அடி என்று பேச்சு.

கிரீர் குற்றங்களை வாசித்தார். கூந்தல், பாவாடை, நடனம், கறுப்பன். ஒவ்வொருவரும் அடிக்கும்போது ஏதாவது சொன்னோம். திட்டினார்கள், வேதவசனம் சொன்னார்கள். ஒருவர் கேலிகூடச் செய்தார். என் முறை வந்தபோது என் வாயிலிருந்து வந்தது: "அழாதேம்மா, முடிஞ்சிடும்." பிறகு அடித்தேன்.

எட்டாவது ஆள் மட்டும் தொடக்கத்திலிருந்து வாயே திறக்கவில்லை. வாரை வாங்கினார், அடித்தார், திருப்பிக் கொடுத்தார். வாயைத் திறந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மற்ற ஏழு பேருக்கும் அது உறைக்கவில்லை. ஊரில் இருக்கும் ஒவ்வொரு குரலையும் நாள் முழுக்கக் காதில் வாங்குகிற பெண் அவள்.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்கு வந்தாள். உட்கார முடியாததால் நின்றுகொண்டே இணைப்புக் கொடுத்தாளாம். கிரீர் தொலைபேசியை எடுத்தார்.

"நம்பர் சொல்லுங்க, மிஸ்டர் கிரீர். 'நல்லா ஓங்கி அடிங்கடா'ன்னு சொன்னது நீங்கதானே?"

எங்கள் ஊரில் ஒரே கம்பியில் ஏழெட்டு வீடுகள். மணி அடித்தால் மற்றவர்களும் எடுத்துக் கேட்பார்கள். இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் வியாழன் வரை தொலைபேசியைத் தொடவில்லை. வியாழனன்று கடையில் சவரச் சோப்பு தீர்ந்துபோனது; வரவழைக்கத் தொலைபேசியை எடுத்தேன்.

"நம்பர் சொல்லுங்க, மிஸ்டர் நாஷ்." கொஞ்சம் நிறுத்தினாள். "முடிஞ்சிடும்னு சொன்னீங்க. இன்னும் முடியல."

கம்பியில் எங்கோ ஒரு மூச்சு இழுபட்டது. பிறகு தொலைபேசியை வைக்கும் சத்தம். என் வீடும் அதே கம்பியில்தான் இருந்தது.

அன்று இரவு உணவின்போது ஓப்பல் என் எதிரில் உட்காரவில்லை. "உங்களுக்குப் பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். நான் கரண்டியைக் கையில் எடுத்தேன். "பசிக்குதுன்னா சாப்பிடுங்க. எனக்கு அதைப் பாக்க வேணாம்," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

வழக்கு எதுவும் நடக்கவில்லை. அந்த ஏழு குரல்களில் ஒன்று போலீஸ் தலைவரான ஷெரீஃபுடையது. வெள்ளிக்கிழமை லியோட்டாவை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

மறுவாரம் அவள் பெட்டியோடு என் கடைக்கு வந்தாள். சிகாகோ ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை.

"பின்கழுத்துல வளந்திருக்கு. நேராக்கி விடுங்க."

"வேற ஆள்கிட்ட..."

"எனக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வெட்டிக்கிட்டே சொல்லுங்க."

துணியைப் போர்த்தினேன். சட்டைக் கழுத்துப்பட்டிக்கு மேலே ஒரு தழும்பின் நுனி தெரிந்தது, ஊதா நிறத்தில்.

"எட்டுப் பேர். ஏழு குரல் எனக்குத் தெரியும். ஒருத்தர் பேசவே இல்ல. யாரு அது?"

என் கத்தரி நின்றது.

"அன்னிக்கு நான் நடந்து வீட்டுக்குப் போனேன்," என்றாள். "அப்பா வெந்நீர் வெச்சிருந்தார். துணியை நனைச்சு அவரே முதுகுல ஒத்தடம் கொடுத்தார். ஆனா என்ன ஆச்சுன்னு கேக்கல. யாரு அடிச்சாங்கன்னும் கேக்கல. அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரே ஒரு ஆள். ஆனால் அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உங்க அப்பாதான்."

அவள் அழவில்லை. "சரி, வெட்டுங்க," என்றாள். நான் வெட்டினேன். எழுந்து, கழுத்தில் ஒட்டியிருந்த மயிரைத் தானே தட்டிவிட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

நவம்பரில் கிளேட்டன் சவரத்துக்கு வந்தார். இரண்டு கன்னத்திலும் நுரை பூசிய பிறகு கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "கடிதம் எழுதினா பிரிக்காமலே திருப்பி அனுப்புறா. போறதுக்கு முன்னாடி உன்கிட்ட வந்தாளாமே. ஏதாவது கேட்டாளா?"

"கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"நடந்ததைச் சொன்னேன்."

நுரை காய்ந்து வெடிக்கும் வரை அப்படியே கிடந்தார். பிறகு துணியை உருவி மடித்து வைத்துவிட்டு, காய்ந்த நுரை ஒட்டிய முகத்தோடு தெருவில் இறங்கிப் போனார். வசந்தத்துக்குள் ஆலையை விற்றுவிட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டே சங்கம் உதிர்ந்துபோனது. அங்கிகளைக் கிழித்துத் தரை துடைத்தார்கள். கிரீரின் மகளே குட்டை முடியோடு தேவாலயத்தில் பாடினாள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். வியாழக்கிழமைகளில் என் கடையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

ஓப்பலும் கூந்தலை வெட்டிக்கொண்டாள். பதினெட்டு மைல் ரயிலில் போய், முன்பின் தெரியாத ஒருவரிடம்.