மூன்றாம் பீரியட் சத்தம்

எங்கள் பள்ளிக்கு ஆறு டேப்லெட்டுகள் வந்தன. அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. எப்படிப் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும் என்று மட்டும் சுற்றறிக்கை வந்தது. எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுப்பவள் நான். தலைமையாசிரியையிடம் கேட்டு, பூட்டுக்கு வெளியே கொண்டுவந்து, வகுப்பிலேயே ஒரு ரேடியோ தொடங்கினேன்.

வகுப்பின் மூலையில் இரண்டு பெஞ்சுகளை எதிரெதிராகப் போட்டு, மேலே கம்பளியைப் போர்த்தினோம். எதிரொலி வராமலிருக்க அந்தக் கம்பளி. அதற்குள் டேப்லெட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வியர்த்து வடிய வடியப் பேசிப் பதிவு செய்வார்கள். மற்ற பாடங்களும் தாமாகவே உள்ளே வந்து சேர்ந்தன. அறிவியலில் செரிமானம் நடந்த வாரம், ஒரு ரொட்டித் துண்டு வாயிலிருந்து குடல் வரை போய்க்கொண்டே நேர்முக வர்ணனை கொடுத்தது. இரைப்பை அமிலமாக நடிக்க நான்கு பேர் சண்டை போட்டார்கள். வரலாற்றுப் பாடத்துக்கு, முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள்ளிருந்து ஒரு நிருபர் பேசினார்; கோட்டையில் தண்ணீர் தீர்ந்தும் அவர் பேச்சு மட்டும் தீரவில்லை. தகர மூடியில் மணலைக் கொட்டி மழை வரவழைத்துப் பருவக்காற்றை விளக்கினார்கள்.

எங்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே இருப்பது பலகைத் தடுப்பு. அதுவும் கூரை வரை எட்டாது. எங்கள் ரேடியோ நடக்கும் மூன்றாம் பீரியடில்தான் அந்தப் பக்கம் கணக்கு சார் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பார். நேர்மையான மனிதர், தாமதமாக வந்ததில்லை, விடைத்தாளில் பெயரைப் பார்த்து மதிப்பெண் போட்டதில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் மைக்செட். அவர் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். அப்பாவும் மகளும் காலையில் ஒன்றாக நடந்து வருவார்கள். பள்ளி வாசலைத் தாண்டியதும் அவர் அவளுக்கு 'சார்' ஆகிவிடுவார். அது அவர் போட்ட விதி. மதியச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் கேட்கும்போதுகூட அவள் அந்த விதியை மீறி நான் பார்த்ததில்லை.

ரேடியோ தொடங்கிச் சில வாரங்களில் அவர் தலைமையாசிரியையிடம் போய்ப் புகார் சொன்னார். பக்கத்து அறை இரைச்சலில் பாடம் நடத்த முடியவில்லை, பிள்ளைகள் சொல்லும் பதில் காதில் விழவில்லை, ரேடியோவை நிறுத்தியாக வேண்டும் என்றார். நாங்கள் கம்பளிக்குள் கிசுகிசுவென்று பேசுவது எப்படி இரைச்சலாகும் என்று நான் கேட்டேன். தலைமையாசிரியை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாயால சொன்னா நான் யார் பக்கம் போறது? அளந்து காட்டுங்க. சார் சொல்றது சரின்னா ரேடியோவுக்கு அன்னிக்கே மூடுவிழா. டேப்லெட் எல்லாம் என் பீரோவுக்குள்ள போயிடும், பரீட்சைக்கு மட்டும்தான் வெளிய வரும்."

அளப்பது என்றதும் கணக்கு சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றை அறிவியல் ஆசிரியை மூன்று டேப்லெட்டுகளில் ஏற்றிக் கொடுத்தார். நிமிடத்துக்கு ஒருமுறை டெசிபலைக் குறித்துக்கொண்டு, கூடவே அந்த நேரத்துச் சத்தத்தையும் கொஞ்சம் பதிந்து வைக்கும். எங்கள் அறையில் ஒன்று, அவர் அறையில் ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று என்று வைப்பது, ரேடியோ நடக்கும் நாளையும் நடக்காத நாளையும் ஒப்பிடுவது, எல்லாம் அவர் வகுத்த முறைதான். பெஞ்சு விழுந்தாலோ யாராவது தும்மினாலோ ஒரு அளவு மட்டும் எகிறி நிற்கும். அதை நீக்கலாம், ஆனால் நீக்கும் முன் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்று கறாராகச் சொன்னார். அளவுகளைத் தொகுக்கும் பொறுப்பைத் தன் மகளிடமே கொடுத்தார். "என் பொண்ணுங்கறதுக்காக இல்ல. அவ தப்பா கூட்ட மாட்டா" என்று என்னிடம் விளக்கம் வேறு.

வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டாஃப் ரூம் சுவரில் புரொஜெக்டர் வைத்து அவர் மகளும் என் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் வரைபடத்தைக் காட்டினார்கள். எங்கள் அறையின் கோடு தாழ்வாகவே போனது. அவர் அறையின் கோட்டில் ரேடியோ நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தலைமையாசிரியை தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. கணக்கு சார் மட்டும் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"என் ரூம் கோடு ஏன் எலி கடிச்ச மாதிரி இருக்கு? இவ்வளவு அளவை நீக்கியிருக்கீங்களே, காரணம் எங்க?"

டேப்லெட்டில் மூலப்பட்டியலைத் திறக்கச் சொன்னார். அவர் அறைக்குரிய அளவுகளில் கிட்டத்தட்ட பாதி நீக்கப்பட்டிருந்தது. காரணம் எழுத வேண்டிய கட்டம் ஒன்றுவிடாமல் காலி. மற்ற பிள்ளைகள் அவர் மகளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். என் வகுப்புப் பிள்ளைகள் எனக்காக ஏமாற்று வேலை செய்துவிட்டார்கள், ரேடியோ அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நீக்கிய அளவுகளில் ஒன்றைத் தொட்டு, அந்த நேரத்துச் சத்தத்தைக் கேட்கப் போனார் சார்.

"அப்பா, வேணாம்" என்றாள் மகள்.

பள்ளிக்குள் அந்த வார்த்தை. அவர் திரும்பிப் பார்த்தார். ஆனால் விரல் அதற்குள் தொட்டுவிட்டது.

"எக்ஸை அந்தப் பக்கம் கொண்டு போ! கொண்டு போன்னா கொண்டு போ!" என்று அவருடைய குரலே ஸ்டாஃப் ரூமை நிறைத்தது. அடுத்ததைத் தொட்டார், அவர் குரல். அதற்கடுத்ததும் அவர் குரல். அது ரேடியோ இல்லாத நாள். யாரும் சிரிக்கவில்லை. அறிவியல் ஆசிரியை தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு எடுத்துட்டேன்" என்றாள் மகள். "வீட்டுலயும் இப்படித்தான்ப்பா. டிவி சத்தம் தாங்காம மேல்வீட்டு மாமா வந்து கதவைத் தட்டலையா? அவருக்குத்தான் காது ரொம்பக் கூர்மைன்னு நீங்க சொன்னீங்க."

அவர் டேப்லெட்டை எடுத்து வலது காதில் வைத்துக் கேட்டார். இடது காதுக்கு மாற்றினார். மறுபடியும் வலது. வாய்க்கணக்கை எழுதிச் சரிபார்ப்பவர் மாதிரி நிதானமாக.

"இந்தப் பக்கம் பாதிதான் வருது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பசங்க முணுமுணுக்கறாங்கன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன் டீச்சர். உங்க ரேடியோ ஓடும்போது அந்த முணுமுணுப்பும் கலங்கிப் போயிடும். எனக்கு அது இரைச்சல்தான், பொய் சொல்லல. ஆனா அளந்தது அளந்ததுதான். சத்தம் உங்களோடது இல்ல."

புகாரை என்ன செய்வது என்று தலைமையாசிரியை மெதுவாகக் கேட்டார். வாபஸ் என்றார் அவர். அவருக்கு அது இரைச்சலாகத்தான் கேட்கும் என்று தெரிந்த பிறகு நான் சும்மா இருக்க முடியவில்லை. அவர் அறை காலியாக இருக்கும் ஐந்தாம் பீரியடுக்கு ரேடியோவை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். டேப்லெட்டுகள் பீரோவுக்குப் போகவில்லை. அவற்றில் இரண்டு கணக்கு சாரின் வகுப்புக்கே போயின.

காது டாக்டர் சாரைப் பரிசோதித்துவிட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்றார். அது வந்து சேரும்வரை, கடைசி பெஞ்சில் ஒரு டேப்லெட் சாரின் குரலை நிறமாகக் காட்டிக்கொண்டிருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு. இன்னொன்றில் பிள்ளைகள் பதிலைப் பெரிய எழுத்தில் எழுதி உயர்த்திப் பிடித்தார்கள். ஒரு நாள் பதிலுக்குப் பதிலாக 'சார், சிவப்பு விழுந்திருச்சு, வண்டிய நிறுத்துங்க' என்று எழுதிப் பிடித்தவனை அவர் வெளியே நிறுத்தவில்லை என்று கேள்விப்பட்டேன்.

போன வாரம் அவரே எங்கள் ரேடியோவில் பேச வந்தார். சராசரி பற்றிய பேச்சு. குனிந்து கம்பளிக்குள் நுழைந்து, கையோடு கொண்டுவந்திருந்த நிற டேப்லெட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பச்சையைத் தாண்டிவிடக் கூடாது என்ற கவனத்தோடு ஆரம்பித்தார். ஹெட்போன் மாட்டியிருந்த மகள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கம்பளியைத் தூக்கினாள்.

"சார், ஒண்ணுமே கேக்கல. கொஞ்சம் சத்தமா பேசுங்க."

"என்னது?"

"சத்தமா, சார்."

வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரிப்பை அடக்கக் கம்பளி நுனியை வாயில் வைத்துக் கடித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பதிவு முடிந்ததும், நடுவில் வந்த அந்தப் பேச்சை வெட்டிவிடட்டுமா என்று மகள் கேட்டாள்.

"வெட்டு. ஆனா பக்கத்துல காரணம் எழுதிட்டு வெட்டு" என்றார் சார்.

அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தோம். எழுதும்படியான காரணம் எதுவும் கிடைக்காததால், நிகழ்ச்சி அப்படியே ஒலிபரப்பானது.